தண்ணீர் ஊற்றினால் போதுமா?

முன்னேஸ்வரத்திலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து தொழிலாளி ஒருவர் ஒரு மாலை நேரம் எமது அலுவலகத்துக்கு வந்தார். பல வருடங்களாகச் சம்மாட்டியின் கரைவலையை இழுத்து, கிடைத்த கூலியில் குடும்பத்தைக் கொண்டு நடத்தியவர் அவர். எமது சுழற்சி நிதியிலிருந்து கடன் பெற்று, சொந்தமாக ஒரு சிறு வள்ளமும் வலையும் வாங்கியிருந்தார். தவணை தவறாதவர். அன்று கடன் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "சுவாமி, இன்னும் ரெண்டு தவணைதான். அதையும் முடிச்சிடுறேன். அதோட எங்களையும் வேதத்தில சேர்த்துக்கொள்ளுங்க" என்றார்.

இப்படியொரு வார்த்தையைக் கேட்கும் குருவானவர் மகிழ வேண்டும். ஆனால் நாம் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். கடன் புத்தகமும் ஞானஸ்நான விண்ணப்பமும் ஒரே மேசைக்கு ஒன்றாக வந்ததே எம்மைத் தயங்க வைத்தது. "முதலில் கடன் முடியட்டும். அதற்குப் பிறகு வாருங்கள், ஆறுதலாகப் பேசுவோம்" என்றோம். அவருடைய முகம் வாடிவிட்டது. "காசுக்காகக் கேக்கிறேன் எண்டு நினைக்கிறீங்களா, சுவாமி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று எம்மால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கிராம அபிவிருத்திப் பணியில் ஈடுபட்டிருக்கும் குருக்கள், துறவிகள், பொதுநிலைப் பணியாளர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் சந்திக்க வேண்டிய கேள்வி இது. ஆகவே இவ்விதழில் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திக்க விரும்புகிறோம்.

எமது பழைய தவறு

எமது தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னர் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, ஓலைக் குடிசையில் இருந்த ஒரு குடும்பத்துக்குக் கல்வீடு கட்ட உதவினோம். வீடு எழும்பிக்கொண்டிருந்த அதே மாதங்களில் அக்குடும்பத்தினர் ஞானஸ்நானம் கேட்டார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் மந்திரங்களைப் படிப்பித்து, அடுத்த ஞாயிறு தண்ணீர் ஊற்றினோம். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஐந்து பெயர்கள் கூடின. எமக்கும் மனநிறைவாகவே இருந்தது.

இரண்டு வருடங்களில் அக்குடும்பத்தைக் கோவிலில் காணவில்லை. வீட்டுக்குச் சென்று விசாரித்தோம். அந்தத் தாய் வெகு மரியாதையாக இருக்கை தந்து, தேநீரும் தந்து, ஒளிக்காமல் சொன்னார்: "நீங்க வீடு தந்தீங்க. உங்களுக்குத் திருப்பித் தர எங்களிட்ட வேற என்ன இருந்திச்சு, சுவாமி?"

அவர் எம்மை ஏமாற்றவில்லை. பட்ட கடனை வைத்திருக்கக் கூடாது என்ற நேர்மையோடு, தம்மிடம் இருந்த ஒன்றைத் தந்து கணக்கை முடித்துக்கொண்டார். அதைக் காணிக்கை என்று நினைத்து வாங்கிக்கொண்ட பிழை எம்முடையது. நாம் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லைதான். ஆனால் கொடுக்கிறவர் வாய் திறக்காவிட்டாலும் வாங்குகிறவரின் காதில் நிபந்தனை ஒன்று ஒலிக்கக்கூடும் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டோம்.

முன்னேஸ்வரத்தின் நினைவு

இந்தப் பிழை எமக்கு முன்னரே, எம்மைவிடப் பெரிய அளவில், இந்த மண்ணில் நடந்திருக்கிறது. முன்னேஸ்வரம் கோயிலைப் போர்த்துக்கேயர் 1578இல் இடித்தார்கள். பின்னர் கோயிலின் சொத்துகள் இயேசு சபைத் துறவிகளின் கைக்கு மாறின. சிவன் கோயில் இருந்த இடத்திலேயே கத்தோலிக்கச் சிற்றாலயம் எழுந்தது. சுற்றுப்புற மக்களிற் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களில் யார் மனம் விரும்பிப் பெற்றார், யார் பயத்தினாற் பெற்றார் என்று இன்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இடிந்த கோயிலின் கற்களைப் பார்த்துக்கொண்டு ஒருவர் சொல்லும் 'ஆம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கோயில் மீண்டும் எழுந்தது. 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் புதுப்பித்து மானியமும் வழங்கினான். இன்று ஆவணி மாதத்தில் நடக்கும் பெருந்திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் திரண்டு வருகிறார்கள். அந்த வீதியில் நிற்பவர்களிடையே கத்தோலிக்கரையும் காணலாம். கற்பிட்டிக் குடாவில் தலவில புனித அன்னம்மாளின் திருவிழாவுக்கு இந்துக்களும் பௌத்தர்களும் வந்து மெழுகுதிரி ஏற்றுவதையும் காணலாம். எமது மக்கள் ஒருவர் மற்றவருடைய வாசலை மிதிக்க அஞ்சுவதில்லை. இடித்தது அதிகாரம், அதற்குப் பிறகும் அயலவராய் வாழ்ந்தவர்கள் இந்த மக்கள்.

உண்மைக்குப் பணி செய்கிறோம் என்ற பெயரில் கிறிஸ்தவர்கள் வன்முறையைக் கையாண்டதற்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி புனித பேதுரு பேராலயத்தில் இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். அந்த மன்னிப்பு மன்றாட்டில் முன்னேஸ்வரத்துக்கும் ஓர் இடம் உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

கரைந்து போனதும் நிலைத்து நின்றதும்

போர்த்துக்கேயருக்குப் பின் ஒல்லாந்தர் வந்தார்கள். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயின. கத்தோலிக்க வழிபாட்டை அவர்கள் தடை செய்தார்கள். குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அறிவித்தார்கள். அதே வேளையில் அரச உத்தியோகம் வேண்டுமானால் தங்களுடைய சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். பதிவேடுகள் நிரம்பின. 1796இல் ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றிய பின்னர் அந்த நிர்ப்பந்தம் தளர்ந்தது. பதிவேட்டில் இருந்த பெருங்கூட்டம் சில ஆண்டுகளுக்குள் கரைந்து போயிற்று.

தடை செய்யப்பட்ட கத்தோலிக்கரோ நிலைத்து நின்றார்கள். 1806இல் ஆங்கிலேய ஆட்சி அவர்கள் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, நீண்ட காலம் மறைவில் வாழ்ந்த ஒரு திருச்சபை வெளியே வந்தது. சலுகையால் வளர்ந்தது சலுகையோடு போனது. சலுகை எதுவும் இல்லாமல், ஆபத்தோடு வந்த விசுவாசம் தங்கிவிட்டது. இதற்கு நாம் முதலில் நன்றி கூற வேண்டியவர்களுள் ஒருவர் புனித ஜோசப் வாஸ்.

1651இல் கோவாவிலே பிறந்த அவர், 1687இல் கூலியாளைப் போல் வேடமிட்டு இலங்கைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் படையுமில்லை, பணமுமில்லை. வந்ததும் நோயிற் படுத்தார். தமிழ் கற்றார். யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் தங்கி இரவில் மக்களைச் சந்தித்தார். 1690இல் எமது புத்தளத்துக்கு வந்தார். அப்போது புத்தளம் கண்டி இராச்சியத்தைச் சேர்ந்திருந்ததால் ஒல்லாந்தரின் தடை இங்கு செல்லவில்லை. 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டு ஓடியபோது, அவரும் அவருடைய மருமகனான ஜோசப் தெ கார்வால்ஹோ அடிகளும் வீடு வீடாகச் சென்று புண்களைக் கழுவி, கஞ்சி கொடுத்து, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். நோயாளி எந்தச் சமயத்தவர் என்று அவர்கள் பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி அவர் கண்டியிலே காலமானார்.

2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலி முகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். சமய வேறுபாடுகளைக் கடந்து பணி செய்ததை அவருடைய முன்மாதிரியாக எடுத்துக் காட்டி, சமய சுதந்திரம் மனிதருடைய அடிப்படை உரிமை என்றும் அன்று வலியுறுத்தினார். 1578இன் வழியும் 1687இன் வழியும் எமது மண்ணிலேயே இருக்கின்றன. எந்த வழியில் நடப்பது என்பதை ஒவ்வொரு பங்கும் ஒவ்வொரு சமூக நிலையமும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஏழைக்கு உள்நோக்கம் கற்பிக்கலாமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். "அப்படியானால் ஏழை ஒருவர் விசுவாசத்தைத் தேடி வரவே கூடாதா? பணக்காரர் கேட்டால் பக்தி, ஏழை கேட்டால் பசியா?" இந்த மறுப்பு நியாயமானது. கரைவலைத் தொழிலாளியின் வாடிய முகம் எம்மிடம் கேட்டதும் இதைத்தான்.

மனிதருடைய நோக்கம் ஒருபோதும் கலப்பில்லாமல் இருப்பதில்லை. முத்துக்குளித்துறைப் பரவர் மக்கள் 1535 முதல் 1537 வரையான காலத்தில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றபோது, கடலில் தமக்கிருந்த பகையிலிருந்து பாதுகாப்புத் தேடியே போர்த்துக்கேயரை நாடினார்கள். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கு சென்றபோது, பெயரளவில் கிறிஸ்தவர்களாயிருந்த அவர்களுக்கு மந்திரங்கள்கூடத் தெரியாதிருப்பதைக் கண்டார். விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் கற்பனைகளையும் தமிழில் ஆக்குவித்து, மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டி, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் முதலில் வந்தது, பாடம் பின்னால் வந்தது. ஆயினும் அந்த மக்களின் விசுவாசம் வேரூன்றியது. மன்னாரிலோ 1544இல், ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்களே ஆன மக்கள் சங்கிலி மன்னனின் வாளுக்கு முன் விசுவாசத்தை மறுக்காமல் உயிரைக் கொடுத்தார்கள். ஆகவே இன்ன காரணத்தால் வந்தவர் நிலைக்க மாட்டார் என்றோ, இத்தனை மாதம் படித்தவர்தான் உறுதியானவர் என்றோ எவரும் அளந்து கூற முடியாது.

எம்மையே எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் குருமடத்துக்குப் போன நாம் எல்லோரும் தூய தேவ அழைத்தலுக்காக மட்டுமா போனோம்? நல்ல கல்வி கிடைக்கும், மூன்று வேளை உணவு கிடைக்கும், ஊரிலே மதிப்புக் கிடைக்கும் என்ற எண்ணங்களும் எமது பெட்டிக்குள் இருக்கத்தான் செய்தன. ஆண்டவர் அந்தக் கலப்பான மனதையே ஏற்று, பத்துப் பன்னிரண்டு வருடங்கள் பொறுமையோடு சலித்தெடுத்தார். எமக்குக் கிடைத்த அந்த நீண்ட அவகாசத்தை ஒரு மீன்பிடித் தொழிலாளிக்கு ஆறு ஞாயிறாகச் சுருக்கியதுதான் நாம் செய்த அநீதி.

இயேசுவும் அப்பம் தேடி வந்த கூட்டத்தைக் கடிந்து விரட்டவில்லை, முதலில் உணவளித்தார். பின்பு அவருடைய போதனை கடினமாயிருக்கிறது என்று பலர் விலகிப் போனபோது, கொடுத்த அப்பத்துக்குக் கணக்குக் கேட்கவில்லை. பன்னிருவரையும் பார்த்து, நீங்களும் போக விரும்புகிறீர்களா என்றுதான் வினவினார். பத்துத் தொழுநோயாளரிலே ஒன்பது பேர் நன்றி சொல்லத் திரும்பி வரவில்லை. அவர்கள் பெற்ற சுகம் அதனால் திரும்பப் பெறப்படவில்லை. உதவி உதவியாகவே நின்றது.

சட்டத்துக்கு முன்னர் மனச்சாட்சி

எமது நாட்டில் 2004இல், பலாத்கார மதமாற்றத்தைத் தடை செய்யும் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் அதே வருடம் தீர்மானித்தது. தாம் விரும்பிய சமயத்தை உடையவராயிருக்கவும் மேற்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் உள்ள சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை உறுதி செய்கிறது. அந்த உரிமைக்காக நாம் எப்போதும் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் அத்தகைய சட்டமூலங்கள் எழும்போது, "எம்மைக் குற்றம் சாட்டுகிறார்களே" என்று வருந்துவதோடு நின்றுவிடாமல், அந்தச் சந்தேகத்துக்கு நாம் எங்கே இடம் கொடுத்தோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எவரையும் வற்புறுத்தியோ முறையற்ற விதத்தில் கவர்ந்தோ விசுவாசத்துக்குள் கொண்டுவருவதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட நற்செய்திப் பணி பற்றிய ஏட்டிலேயே கண்டிப்பாக விலக்கியிருக்கிறது. 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 748ஆம் சட்டத்தில், மனச்சாட்சிக்கு மாறாக ஒருவரைக் கத்தோலிக்க விசுவாசத்துக்குக் கட்டாயப்படுத்துவது எவருக்கும் ஒருபோதும் ஆகாது என்கிறது. அரசு சட்டம் போடுவதற்கு வெகு முன்னரே எமது வீட்டுச் சட்டம் இருக்கிறது. அதை நாம் எடுத்துப் படிப்பதில்லை என்பதுதான் குறை.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரக்கணக்கில் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்ததை எமது மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். தென்னந்தோப்புகளில் ஓலைக் கொட்டில்கள் முளைத்தன. அந்த மக்களுக்குப் பாயும் அரிசியும் தண்ணீரும் கொண்டுபோன எவருடைய மனதிலும் ஞானஸ்நானப் பதிவேடு இருந்திருக்காது. அந்த உதவி எப்படிச் சுத்தமாக இருந்ததோ, எமது எல்லா உதவியும் அப்படி இருக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல விரும்புவது.

ஆயத்த காலம் வீண் காலமல்ல

ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவரை உடனே தண்ணீரண்டை கொண்டுபோகவில்லை. மூன்றாம் நூற்றாண்டளவில் உரோமைத் திருச்சபையின் வழக்கம் எனக் கருதப்படும் ஒழுங்கில், மூன்று ஆண்டுகள் போதனை கேட்க வேண்டியிருந்தது. அதன் முடிவில், விதவைகளை மதித்தாரா, நோயாளரைச் சந்தித்தாரா, நற்செயல்களைச் செய்தாரா என்று அவருடைய நடத்தையைப் பற்றி விசாரித்தார்கள். காலப்போக்கில் மறைந்துபோன இந்த ஆயத்த முறையைத் திருச்சபை 1972இல் வயது வந்தோருக்கான புகுமுகச் சடங்கின் மூலம் மீண்டும் ஏற்படுத்தியது. முதலிலே தேடல், பிறகு நீண்ட மறைக்கல்வி, தவக்காலத்தில் தூய்மைப்படுத்தல், பாஸ்கா இரவிலே ஞானஸ்நானம், அதற்குப் பின் பெந்தகோஸ்து வரை தொடரும் வழிநடத்தல் என்று அது படிப்படியாக அமைந்திருக்கிறது. வயது வந்தவர் தாமே விரும்பிக் கேட்டிருக்க வேண்டும், போதிய அளவு கற்றிருக்க வேண்டும், கிறிஸ்தவ வாழ்வில் பழகியிருக்க வேண்டும் என்று 865ஆம் சட்டமும் கூறுகிறது. மரண ஆபத்து வேளைக்கு மட்டும் வேறு ஒழுங்கு உண்டு.

இவை எமது பங்குகளில் எவ்வளவு நடைமுறையில் இருக்கின்றன? எமது கரையோரத்தில் வயது வந்தோர் ஞானஸ்நானம் கேட்டு வரும் சந்தர்ப்பங்களில் ஒன்று கலியாணம். "ஞானஸ்நானம் எடுத்தால்தான் கோவிலில் தாலி கட்டலாம்" என்று பெண் வீட்டார் அல்லது மாப்பிள்ளை வீட்டார் சொல்ல, கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் ஓர் இளைஞரோ யுவதியோ அழைத்து வரப்படுகிறார். ஞானஸ்நானம் பெறாதவரோடும் மேற்றிராணியாரின் விதிவிலக்கு அனுமதி பெற்றுக் கோவிலிலே திருமணம் செய்ய 1086ஆம் சட்டம் வழி வைத்திருக்கிறது. இதை எமது மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்வதில்லை. அவசரத்தில் தலையில் ஊற்றும் தண்ணீர், வாழ்நாள் முழுவதும் 'எனக்கு வேண்டி எடுத்தேனா, இவர்களுக்கு வேண்டி எடுத்தேனா' என்ற கேள்வியை அந்த மனதில் விட்டுவிடும்.

பெயர் மாற்றமும் அப்படியே. கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயராக இல்லாதிருந்தால் போதும் என்றே திருச்சபைச் சட்டம் சொல்கிறது. தாய் தகப்பன் வைத்த தமிழ்ப் பெயரையோ சிங்களப் பெயரையோ கழற்றி எறியும்படி அது கேட்கவில்லை. ஜோசப் வாஸ் அடிகளின் வழியில் 1705இல் இங்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், மக்கள் தம்முடைய மொழியிலேயே இறைவனை அறிய வேண்டும் என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் எமது மக்கள் கண்ணீரோடு கேட்டது. 1742இல் காலமான அவர் எமது மாவட்டத்துப் போலவத்தையில் துயில்கிறார். கிறிஸ்தவராவது தன் மொழியையும் இனசனத்தையும் விட்டு வெளியேறுவது என்று அவர் எண்ணியிருந்தால் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்.

ஞானஸ்நானத்தின் மறுநாள்

ஞானஸ்நானம் நடந்த அன்று புகைப்படம் எடுக்கிறோம், விருந்து வைக்கிறோம். மறுநாள் அந்த மனிதருக்கு யார் துணை? குருக்கள் வருடத்துக்கு ஒருமுறை வருவதே அரிதாயிருந்த ஒல்லாந்தர் காலத்தில், ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியாரும் இருந்தார்கள். செபம் சொல்லிக் கொடுத்தவர்களும், நோயாளியின் அருகில் இருந்தவர்களும், சண்டையைத் தீர்த்து வைத்தவர்களும் அவர்களே. விசுவாசத்தைக் காத்தது அந்தப் பொதுமக்கள்தான். இன்று பங்குக்கு ஒரு குருவானவர் இருக்கிறார், கோவிலுக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. ஆனால் புதிதாகச் சேர்ந்த ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் போய் இருந்து பேசுவதற்கு ஆள் இல்லை.

பிறப்பிலே ஞானஸ்நானம் பெற்ற நாமும் இன்னும் கிறிஸ்தவராகிக்கொண்டிருப்பவர்களே. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டில் இருந்த எமது மக்கள் குண்டுகளுக்குப் பலியானார்கள். மூன்று வாரங்கள் கழித்து, மே மாதம், சிலாபத்தில் பள்ளிவாசல்களும் முஸ்லிம்களின் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் எமது மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கும்பலொன்றினால் கொல்லப்பட்டார். கும்பலில் யார் யார் இருந்தார்கள் என்பது நீதிமன்றத்தின் வேலை. எமது வேலை வேறு. அந்த இரவுகளில் எமது வீடுகளில் எத்தனை கதவுகள் பயந்து வந்த அயலவருக்குத் திறந்தன, எத்தனை கதவுகள் சாத்தியிருந்தன என்று எமது மனச்சாட்சியைக் கேட்க வேண்டும். பகைவரையும் நேசிக்கச் சொன்னவருடைய பெயரால் தண்ணீர் பெற்றவர்கள் நாம். அயலவரைப் பாதுகாக்கத் தெரியாத கிறிஸ்தவர், எத்தனை தலைமுறைக் கத்தோலிக்கராயிருந்தாலும், முதலாம் பாடத்துக்கே திரும்ப வேண்டியவர்.

நாம் முன்வைக்கும் யோசனைகள்

இவ்விடயத்தைப் பங்குச் சபைகளும் சமூக நிலையங்களும் கலந்தாலோசிக்க வேண்டும். தொடக்கமாகச் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

1. எமது கடன், வீட்டுத் திட்டம், நிவாரணம் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டிருக்கும் எவருக்கும், அந்தக் கொடுக்கல் வாங்கல் முடியும் வரை ஞானஸ்நானத் திகதி குறிக்க வேண்டாம். ஆனால் கோவிலின் கதவும் மறைக்கல்வி வகுப்பும் அவருக்குத் திறந்தே இருக்க வேண்டும்.

2. உதவி வழங்கும் பணியாளரும் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. இயலுமானால் அயற்பங்கின் உபதேசியாரையோ துறவியையோ கேட்டுக்கொள்ளலாம்.

3. வயது வந்தவருக்குக் குறைந்தது ஒரு முழு வழிபாட்டு ஆண்டாவது ஆயத்தம் வேண்டும். கலியாணத் திகதி இதைச் சுருக்கக் கூடாது.

4. புதிதாகச் சேர்பவர் ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு குடும்பம் நியமிக்கப்பட வேண்டும். ஞானப்பெற்றோர் படத்தில் நிற்பதோடு முடியாமல், நல்லது கெட்டதுக்குச் சென்று நிற்கிறவர்களாயிருக்க வேண்டும்.

5. எமது நிலையங்களின் ஆண்டறிக்கைகளில் உதவி பெற்றோர் தொகையோடு ஞானஸ்நானத் தொகையைச் சேர்த்து எழுதும் பழக்கம் எங்காவது இருந்தால், அது இன்றே நிற்க வேண்டும்.

இவற்றால் தொகை குறையும் என்று சிலர் அஞ்சலாம். குறையட்டும். முன்னேஸ்வரத்தில் ஒரு காலத்தில் தொகை கூடத்தான் செய்தது.

இன்னொரு கேள்வி

கரைவலைத் தொழிலாளி கடனை முடித்தார். முடித்த மறுவாரமே வந்தார். இப்போது கடன் புத்தகம் இல்லாமல் வந்தார். அவர் முன்பு கேட்ட கேள்விக்கு அன்று பதில் சொன்னோம்: "உங்களைச் சந்தேகிக்கவில்லை. எங்களைத்தான் சந்தேகித்தோம். நாங்கள் தந்த காசு உங்கள் வாயைக் கட்டிவிடக் கூடாது என்று பயந்தோம்." அவர் சற்று நேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு மனதில் இருந்த உண்மையான பயத்தைச் சொன்னார். அது காசைப் பற்றியதல்ல. "எங்கட அம்மா ஒவ்வொரு வருசமும் முன்னேஸ்வரம் திருவிழாவுக்குப் போவா. இப்ப கண் தெரியாது. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது. வேதத்தில சேர்ந்தா அதை விடவேணுமா, சுவாமி?"

அரசர் இரண்டாம் நூலிலே இதே கேள்வியைக் கேட்ட ஒருவர் இருக்கிறார். சீரிய நாட்டுப் படைத்தலைவர் நாமான் யோர்தானில் குளித்துச் சுகமடைந்து, இனி இஸ்ரயேலின் கடவுளையே வணங்குவேன் என்று உறுதி கூறினார். பிறகு எலிசா தீர்க்கதரிசியிடம், என் அரசர் தம் தெய்வத்தின் கோயிலில் வணங்கும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டிவரும், அதை ஆண்டவர் மன்னிப்பாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எலிசா அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சமாதானத்தோடு போகும்படி சொல்லி அனுப்பினார்.

நாமும் அதைத்தான் சொன்னோம். அம்மாவின் கையை விட வேண்டாம் என்றோம். தாயின் கையை விட்டுவிட்டு வரச் சொல்லும் விசுவாசம், நான்காவது கற்பனையை எங்கே போய்ப் படிக்கும்?

அவர் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. ஞாயிறுதோறும் கோவிலின் பின்வரிசையில் வந்து அமர்கிறார். பிரிந்திருந்த தமையனோடு வலைப் பங்கைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொண்டதாக அண்மையில் சொன்னார். ஆவணியில் தாயை முன்னேஸ்வரத்துக்குக் கூட்டிப் போனார். எப்போது ஞானஸ்நானம் என்று பங்கு மக்கள் சிலர் எம்மைக் கேட்கிறார்கள். அவரே கேட்பார், அதுவரை நாம் காத்திருப்போம் என்று சொல்லியிருக்கிறோம். எமது கண்ணுக்கு அவர் விசுவாச வாழ்வை ஏற்கெனவே தொடங்கிவிட்டார்.